கெசல்கமு ஓயாவில் ஒரு கடற்கரை

செப்டம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை பல நாடுகளில் மக்கள் கடற்கரைக்குப் போய்க் குப்பை பொறுக்குவார்கள். நாங்களும் அன்றைக்குத்தான் பொறுக்குகிறோம். எங்களுக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம், நாலாயிரம் அடிக்கு மேலே. தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்களுக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது. அதற்குப் பெயர்கூட இல்லை, கீழ் ஓடை என்போம். அதில்தான் இறங்குகிறோம்.

"கடலைச் சுத்தம் பண்ண ஏன்டி ஓடைக்குப் போறீங்க?" என்று முதல் வருடம் என் அம்மாயி, அம்மாவைப் பெற்றவர், கேட்டார். அம்மாயிக்கு எண்பது நெருங்குகிறது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். கடலைப் பார்த்ததே இல்லை. அவருடைய முன்னோர் கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, மலையேறி வந்தவர்கள். ஏறியதோடு கடல் எங்கள் குடும்பத்தை விட்டுப் போய்விட்டது. அவருக்கு அன்றைக்கு அவசரத்தில் ஏதோ சொன்னேன். சொல்ல வேண்டியிருந்ததை முழுவதுமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

கீழ் ஓடை கெசல்கமு ஓயாவில் விழுகிறது. கெசல்கமு ஓயா நோர்வூட்டைத் தொட்டுக்கொண்டு போய்க் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நிறைகிறது. அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ். சிவனொளிபாத மலைப் பக்கமிருந்து வரும் மஸ்கெலியா ஓயா, மவுஸ்ஸாகலையைக் கடந்து வந்து கித்துல்கலைக்கு மேலே இதோடு சேரும். அதற்குப் பிறகு பெயர் களனி கங்கை. யட்டியாந்தோட்டை, அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவலை என்று இறங்கி, கொழும்புக்கு வடக்கே மட்டக்குளியில் கடலில் கலக்கிறது. களனியின் நீளம் 145 கிலோமீட்டர். கொழும்பு குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றுத் தண்ணீர்தான், அம்பத்தளையில் எடுக்கிறார்கள். மட்டக்குளிக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதிக்குச் சிங்களத்தில் மோதர, தமிழில் முகத்துவாரம். ஆறு கடலைத் தொடும் வாய். கொழும்பில் கடையில் வேலை செய்த காலம் முழுக்க அந்தப் பெயரைப் பஸ் பலகையில் தினமும் வாசித்தேன். அது எங்கள் ஓடையின் வாய் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

என்னைக் கடலிடம் கொண்டுபோய் விட்டது ஒரு கப்பல்.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள் ஏற்றி வந்த கப்பல். உள்ளே நைத்திரிக் அமிலமும் இருந்தது, சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. பிளாஸ்டிக் சாமான் செய்யும் தொழிற்சாலைகள் உருக்கி வார்ப்பதற்கு வாங்குகிற மூலப்பொருள் அது. பல நாள் எரிந்து, ஜூன் 2ஆம் திகதி பின்பக்கம் கடலடியில் போய் உட்கார்ந்தது. மேற்குக் கரை முழுக்க மணிகள் ஒதுங்கின. செத்த ஆமைகளும் ஒதுங்கின. கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையும் கடற்படையும் முதலில் இறங்கி அள்ளினார்கள். கொரோனாவுக்காகப் போட்ட நாட்டு முடக்கம் தளர்ந்த பிறகு தன்னார்வக் குழுக்கள் வந்தன. அந்த வருடக் கடைசியில் கடையில் என்னோடு வேலை செய்த சிங்களத் தோழி ஒருத்தி, "நங்கி, ஞாயிற்றுக்கிழமை வா" என்று நீர்கொழும்புக்குத் தெற்கே ஒரு கரைக்குக் கூட்டிப் போனாள்.

போகும்போது பெரிய வேலை என்று நினைக்கவில்லை. கடற்கரைக் குப்பைதானே, குனிந்து பொறுக்கினால் சரி என்று நினைத்தேன். ஆனால் இது பொறுக்குகிற குப்பை இல்லை. அலை வந்து திரும்பிய வரியில் முழங்காலிட்டு, மேல் மணலை மெல்ல வழித்துச் சல்லடையில் போட வேண்டும். ஈர மணல் இறங்காது, தட்டித் தட்டி இறக்க வேண்டும். சிலர் வாளித் தண்ணீரில் கொட்டினார்கள். மணல் அடியில் போய்விடும், மணிகள் மேலே மிதக்கும். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஜவ்வரிசி மாதிரி இருந்தது, அதே அளவு, அதே பாதி தெரிந்தும் தெரியாத வெண்மை. தீயில் பட்டவை சாம்பல் நிறத்தில், ஓரம் கருகி, இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மீனுக்கு இது முட்டையாகத்தான் தெரியும். காலை முழுக்க இருபது பேர் வேலை செய்தோம். ஒரு ஆள் ஒரு சின்னப் பையை நிரப்பியிருந்தால் அது நல்ல வேலை. நாங்கள் எழுந்தபோது அலை வந்து, சுத்தம் செய்த அதே வரியில் புதிதாக ஒரு கைப்பிடி மணிகளைப் போட்டுவிட்டுப் போனது.

2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு அந்த ஒரு கைப்பிடிதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு நான் தொடர்ந்து போனேன். ஒரு நாள் காக்கைதீவு. மட்டக்குளியில், களனி கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் உள்ள கரை. இங்கே கப்பல் குப்பை குறைவு, ஆற்றுக் குப்பைதான். செருப்பு, யோகட் கோப்பை, போத்தல் மூடி, ரெஜிபோம் துண்டு, ஆகாயத்தாமரையோடு பின்னிக்கொண்டு வந்த பொலித்தீன். அதற்கு நடுவே ஒரு கறுப்புப் பொலித்தீன் குழாய் கிடந்தது. ஒரு சாண் நீளம், இரண்டு பக்கமும் திறந்தது, வரிசையாக ஓட்டை போட்டது. மற்றவர்கள் அதைச் சும்மா பையில் போட்டிருப்பார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. என் அம்மா தவறணையில், தேயிலை நாற்று வளர்க்கிற இடத்தில், வேலை செய்தவர். தேயிலை வெட்டுத்துண்டை நட மண் நிரப்புகிற உறை அது. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஓடிப்போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை உறைக்கு மண் திணித்திருப்பேன்!

அது எங்கள் தோட்டத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. களனிக் கரை முழுக்க நாற்று வளர்க்கிறார்கள். அவிசாவளையிலிருந்து வந்திருக்கலாம், மட்டக்குளியில் ஒரு வீட்டு முற்றத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபோது மணலில் காக்காப்பொன் மின்னியது. எங்கள் ஓடையிலும் அப்படித்தான் மின்னும். சின்ன வயதில் அதைத் தங்கம் என்று தீப்பெட்டியில் சேர்த்து வைப்போம். அப்போதுதான் புரிந்தது, கடற்கரை என்று நாம் நிற்கிற மணலே மலையிலிருந்து வந்ததுதான். பாறை உடைந்து, கல்லாகி, உருண்டு, பொடிந்து, ஆறு கொண்டுவந்து கொட்டியது. அணைகள் அந்த மணலில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் நிறையக் களனியில் அள்ளி விற்றாகிறது. களனி வாய்க்கு வடக்கே கடல் கரையை அரித்துக்கொண்டு வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். மணல் குறைந்த இடத்துக்கு நாம் பொலித்தீன் அனுப்புகிறோம்.

இதைச் சொன்னால் ஊரில் சிலர் கேட்பார்கள்: நம்ம குப்பை காசல்ரீயைத் தாண்டாதே? பாதி சரி. நீர்த்தேக்கங்கள் நிறையக் குப்பையைத் தேக்கி வைக்கின்றன. தேங்குவதும் நல்லதில்லை. வறட்சியில் மவுஸ்ஸாகலை வற்றினால், 1960களில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும், பார்க்கச் சனம் போகும். வெடித்த சேற்றில் காலை வைத்தால் பொலித்தீன்தான் மிதிபடும். அப்புறம் தென்மேற்குப் பருவமழை. காசல்ரீ நிரம்பி வான் பாயும், கீழே லக்ஷபானவில் வான்கதவு திறப்பார்கள். அந்த நாட்களில் ஆறு எதையும் தேக்கி வைப்பதில்லை. கல்லில் அடிபட்டு அடிபட்டுப் போகிற பொலித்தீன் கடலுக்குப் போகும்போது நகக்கண் அளவு துண்டுகளாகியிருக்கும். அதை எந்தச் சல்லடையால் அரிப்பது?

2022இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தது. நான் வேலை செய்த கடை மூடினது, ஊருக்குத் திரும்பினேன். அந்த வருடம் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமைக்கு முன், கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்துக் கடலைப் பற்றிப் பேசினேன். இலங்கைக் கரைக்கு ஐந்து வகைக் கடலாமை முட்டையிட வருவதைச் சொன்னேன். இந்தக் கடற்கரைத் துப்புரவு 1986இல் அமெரிக்காவில் டெக்சாஸ் கரையில் 2,800 பேரோடு தொடங்கியதைச் சொன்னேன். பொறுக்குவதோடு நிற்காமல், கிடைத்த ஒவ்வொன்றையும் எண்ணிக் குறிக்க வேண்டும் என்பது அன்றைக்கே வைத்த வழக்கம் என்றேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்தார்.

"எல்லாஞ் சரி பாப்பா. இந்தப் பையை ஓடையில போடாம நான் எங்க போடட்டும்? நீயே ஒரு எடத்தக் காட்டு."

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் எங்கள் வேலையின் அடிப்படை என்று இப்போது நினைக்கிறேன். நகரத்தில் வீட்டு வாசலில் பையை வைத்தால் வண்டி வந்து எடுக்கிறது. தோட்டத்துக்கு வண்டி வந்ததில்லை. அது யாரோ மறந்துபோனதால் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தில் சேவை செய்ய வழிவிடவில்லை. தோட்டம் கம்பனியின் நிலம், அது கம்பனியின் பாடு என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அம்மா அப்பா வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபை, அவர்களுடைய லயத்து வாசலைக் கூட்ட முடியாமல் இருந்தது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். முப்பது வருடத்துக்கு மேல். அந்த முப்பது வருடத்தில்தான் கடையில் எல்லாம் வாழையிலையிலிருந்தும் தாளிலிருந்தும் பொலித்தீனுக்கு மாறியது. மலையக மக்களுக்கு விழிப்புணர்வு போதாது என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓடை கெட்டதால் முதலில் பாதிக்கப்படுவது நாங்கள்தான். கீழ் லயத்துப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள்.

ஒரு தடவைக்கு வாங்குகிற ஷாம்பு பக்கெட்டும் (சின்னப் பொட்டலம்) அப்படித்தான். சின்னப் பக்கெட் ஏன் வாங்குகிறீர்கள், பெரிய போத்தல் வாங்குங்கள் என்று சொல்வது எளிது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். அதில் அன்றன்றைக்குத்தான் வாங்க முடியும். உணவும் மருந்தும் அல்லாத சின்னப் பக்கெட்டுகளை அதே 2021 மார்ச் 31 முதல் அரசு தடை செய்தது. நல்ல சட்டம். ஆனால் ஓடையில் கிடப்பது அந்தத் திகதி பார்த்து மறைந்து போகாது. மண்ணை ஒரு சாண் கிளறினால் நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் பக்கெட் நிறம் மாறாமல் வருகிறது.

பிள்ளைகளுக்குக் கட்டுகிற பெம்பஸ் பற்றியும் சொல்ல வேண்டும், கூச்சப்பட்டால் ஆகாது. எங்கள் ஓடையில் அள்ளியதில் எடை கூடியது அதுதான். தண்ணீர் குடித்து ஒவ்வொன்றும் ஒரு கல் மாதிரி கனக்கும், தூக்கினால் கிழிந்து உள்ளே இருக்கிற வழுவழுப்பு தண்ணீரில் போகும். ஏன் துணி கட்டுவதில்லை என்று ஒரு தாயிடம் கேட்டேன். ஜூன் ஜூலையில் இங்கே துணி நாலு நாளானாலும் காயாது தங்கச்சி, விடிய வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நிற்க வேண்டும், பிள்ளைக்காம்பராவில் ஈரத் துணியோடு எப்படி விடுவது என்றார். அவர் சொன்னதில் எந்த இடத்தில் நான் குறை கண்டுபிடிக்க? பிறகு தாய்மாரே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெயில் அடிக்கிற ஜனவரி முதல் மார்ச் வரை துணி, மழைக்காலத்தில் பெம்பஸ், ஆனால் ஓடையில் போடுவதில்லை. ஓடையிலிருந்து தள்ளி, மேட்டில் ஒரு குழி வெட்டியிருக்கிறோம். அது சரியான தீர்வு இல்லை, தெரியும். இன்றைக்கு எங்களால் முடிந்தது அது.

முதல் வருடம் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினோம். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் அட்டை விடாது. சாராயப் போத்தல் உடைசல் நிறைய, அதனால் பிள்ளைகளை ஓடைக்குள் விடுவதில்லை, கரையில் எண்ணுகிற வேலை அவர்களுக்கு. செப்டம்பர் எங்களுக்கு நல்ல மாதம். பெருமழை அடங்கி ஓடை இறங்கியிருக்கும். வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதைப் பார்த்த உடனே சொல்லலாம். மூங்கில் புதரில், மானாப்புல்லில், ஆள் உயரத்துக்கு ஒரே வரிசையாகப் பொலித்தீன் கிழிசல் தொங்கும். கோயில் கொடி கட்டியது மாதிரி.

பொறுக்கியதைக் கரையில் படங்கு விரித்துக் கொட்டினோம். அம்மாயி பார்த்துக்கொண்டே இருந்தவர் வந்து உட்கார்ந்தார். நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பிப் பார்த்து, பிரித்துக்கொண்டிருந்தோம். அவர் கையைப் பார்க்கவே அழகு. இரண்டு கையும் ஒரே நேரத்தில் போகும், கண் குவியலில் இருக்காது, விரலே தொட்டுத் தெரிந்துகொள்ளும்: இது பக்கெட், இது பிஸ்கட் உறை, இது மூடி. கொழுந்து எடுத்த கை. மட்டக்கொழுந்தைத் தள்ளி நல்லதைக் கிள்ளிய அதே வேகம். ஒரு பிடி சேர்ந்ததும் தோளுக்கு மேலே வீசப் பார்த்தார், கூடை இல்லை என்று ஞாபகம் வந்து நிறுத்தினார். அடுத்த வருடத்திலிருந்து பழைய கொழுந்துக்கூடைகளைக் கொண்டுவந்துவிட்டோம். தண்ணீர் வடிவதற்கு அதைவிட நல்ல சாமான் இல்லை.

பிள்ளைகள் எண்ணிய தாளில் முதலிடம் சாப்பாட்டுச் சாமான் உறைகளுக்கு. 2019இல் உலகக் கணக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன் பல வருடமாக சிகரெட் அடிக்கட்டைதான் முதலில் இருந்தது. அந்த வருடத் துப்புரவில் முதல் தடவையாக உணவு உறைகள் அதை முந்தின. கடலே தெரியாத எங்கள் லயத்துப் பிள்ளைகளின் தாளும் உலகத்தின் அந்த 2019 கடற்கரைத் தாளும் ஒரே வரியில் தொடங்கியதை அவர்களிடம் காட்டினேன். நம்பவில்லை. மறுபடி எண்ணினார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். மூட்டைகளை என்ன செய்வது? கேட்கப் போன ஓர் அலுவலகத்தில், தோட்டத்துக் குப்பை நாங்கள் எடுப்பதில்லை என்றார்கள். சட்டம் மாறிவிட்டது என்று சொன்னதற்கு, எங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லை என்றார்கள். போத்தல்காரர் வந்து பிளாஸ்டிக் போத்தல்களை எடை போட்டு வாங்கிக்கொண்டார். உரப் பைகளைக் கழுவி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மிச்சம், விலை போகாத மிச்சம், பாவிக்காமல் கிடந்த, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஏழு வாரம் இருந்தது. பெண்கள் ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டார்கள். நான் கடிதம் எழுதினேன், அவர்கள் நேரில் போனார்கள். நேரில் போனதுதான் வேலை செய்தது. எட்டாவது வாரம் ட்ரெக்டர் வந்தது. இப்போது மாதத்துக்கு ஒருமுறை பிரதான வீதி வரைக்கும் வருகிறது. லயத்துக்குள் வருவதில்லை, வீதிக்கு நாங்கள் சுமக்க வேண்டும். லயத்துக்கு இரண்டு சாக்கு தொங்குகிறது, ஒன்று விற்கிறது, ஒன்று விற்காதது. அன்றைக்குக் கேள்வி கேட்ட பெரியம்மாதான் எங்கள் லயத்துச் சாக்குக்குப் பொறுப்பு.

கடற்கரைத் துப்புரவு செய்கிற கொழும்புத் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காக்கைதீவுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஆனால் வருடத்தில் ஒருமுறை மேலே வாருங்கள். சிவனொளிபாத யாத்திரைக் காலம் முடிந்து, மே மாதத்தில் மழை தொடங்குவதற்கு முன் நல்லதண்ணிப் பக்கம் வந்தால், மலைப்பாதை ஓரம் கிடக்கிற போத்தல்களை ஆற்றில் இறங்குவதற்கு முன்பே பிடித்துவிடலாம். கடலில் ஒரு காலை முழுக்க அரித்து எடுப்பதை இங்கே ஒரு கையால் அள்ளலாம். அப்புறம், சபைகளுக்குக் கடிதம் எழுதும்போது உங்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். குப்பை வண்டி லயத்து வாசல் வரை வருவதும் கடல் பாதுகாப்புதான்.

சென்ற வருடத் துப்புரவுக்கு மூன்று வாரம் கழித்து நல்ல மழை. இரண்டு நாள் விடாமல் பெய்து ஓடை கரை புரண்டது. வடிந்த பிறகு நானும் அம்மாயியும் மூங்கில் புதரைப் பார்க்கப் போனோம். முன்பு வரிசையாகக் கிழிசல் தொங்கிய இடத்தில் இலையும் சருகும்தான் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரே ஒரு சிவப்பு ஷொப்பிங் பை, கைப்பிடி மூங்கில் கணுவில் மாட்டி, உள்ளே மழைத்தண்ணீர் நிறைந்து தொங்கியது. அம்மாயி கம்பால் அதை எடுத்து, தண்ணீரைக் கவிழ்த்து, திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கடைப் பை இல்ல. மேல் கணக்குக் கடையில குடுக்கிறது."

வருகிற ஞாயிற்றுக்கிழமை மேல் கணக்குக்கு, தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, போகிறோம். அங்கே லயத்துக்குச் சாக்கு இல்லை, வீதிக்கு இறங்க இரண்டு மைல். பெரியம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.